ஆள் எடுக்கிற பட்டன்

அந்த மஞ்சப்பையைப் பாத்துக் காலை வைங்க அண்ணாச்சி. உள்ள தாம்பாளம் இருக்கு. தேங்கா, பழம், வெத்தில, பத்திரிகை எல்லாம் அதுலதான். தப்பா நினைக்காதீங்க, தள்ளி உக்காரச் சொல்லல. மடியிலயே வச்சுக்கலாம்னுதான் பாத்தேன். பிரேக் போட்டா தேங்கா உருண்டு முன் சீட்டுக்காரர் முதுகுல இடிக்குது. ரெண்டு தடவை இடிச்சிருச்சு. அதான் அவர் என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.

நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா? நானும் அங்கதான். மச்சினனை அழைக்கப் போறேன். எம் மகளுக்கு ஞாயித்துக்கிழமை காதுகுத்து. ஆமா, நாளை மறுநாள்தான். தாய்மாமனை இன்னைக்கா அழைக்கப் போறதுன்னு நீங்க நினைக்கிறது மூஞ்சியிலயே தெரியுது. அதுவும் தனியா. ஜோடியாத்தான் போயி அழைக்கணும், எனக்குத் தெரியாதா? என் சம்சாரம் சுகந்தி வர மாட்டேன்னுட்டா. "உடைச்சது நீங்க, ஒட்டவைக்க நான் எதுக்கு?"ன்னு கேட்டா. தட்டுல எல்லாத்தையும் எடுத்து வச்சது அவதான். ஆனா வாசல் வரைக்கும்கூட வரல.

நீங்க கம்ப்யூட்டர்ல கேம் விளையாடுவீங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு. விளையாடுறவங்ககிட்ட கேட்டா ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிருவாங்க. உங்களை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்கதான் நியாயம் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க, பாராட்டித்தான் சொன்னேன்.

எனக்கு விருதுநகர்ல எலக்ட்ரிக்கல் கடை. ஒயரு, சுவிட்சு, மோட்டாரு. பில் போடுறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் எங்க ஊரு ரோட்டுல ஈ காக்கா நடக்காது. அந்த வெயில்ல உக்காந்து பழகினதுதான் இந்த ராஜ்ஜியம் கட்டுற ஆட்டம். வெறும் ஆட்டம்னு நினைச்சிராதீங்க. அது ஒரு நிர்வாகம். மொதல்ல ஒரே ஒரு குடிசை. பக்கத்துல ஒரு ஆறு. நீங்க வயலு போடணும், களஞ்சியம் கட்டணும், சந்தை வைக்கணும். எழுத்து கண்டுபிடிக்கணும், சக்கரம் கண்டுபிடிக்கணும். பக்கத்து ராஜாவுக்கு ஒரு மூட்டை உப்பு அனுப்பினா அவன் மூஞ்சி சிரிச்ச மூஞ்சியா மாறிரும். ஒரு கொட்டாவி விட்டா இருபது வருசம் ஓடிரும். நான் குடிசையில ஆரம்பிச்சு ஆறாயிரம் வருசம் ஆண்டிருக்கேன் அண்ணாச்சி. கடையில உக்காந்தபடியே.

சண்டையும் உண்டு. இல்லாம இருக்குமா? ஆனா அது பத்துல ஒண்ணு. படைவீட்டை ஒரு அமுக்கு அமுக்கினா டொக்குன்னு ஒரு வீரன் வருவான். செத்தா இன்னொரு அமுக்கு, இன்னொருத்தன் வருவான். களஞ்சியத்துல நெல்லு இருக்கிற வரைக்கும் ஆளுக்குப் பஞ்சமே இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க. பின்னாடி வரும்.

இப்ப மச்சினனைச் சொல்றேன். பேரு செந்தட்டி. சுகந்திக்குத் தம்பி. நிலம் அளக்கிறவர்கிட்ட வேலை பாக்குறான். சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டுக் காடு கரையெல்லாம் நடக்கிறவன். அதனாலயோ என்னவோ, மேப்பைப் பாத்தா அவனுக்குப் பசி எடுக்காது. அவனும் கேம் விளையாடுவான். எனக்குப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே சொன்னாங்க, "எங்க பையனும் உங்களை மாதிரியேதான் மாப்பிள்ளை"ன்னு. எனக்கும் சந்தோசம்தான். கல்யாணம் முடிஞ்சு பாத்தாத்தான் தெரியுது, அவன் ஆட்டமே வேற.

அதுல குடிசை கிடையாது அண்ணாச்சி. வயலு கிடையாது, சந்தை கிடையாது, கோயில் குளம் ஒண்ணும் கிடையாது. திறந்த உடனே சண்டை. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா ஒரு மேப். அதுல சின்னச் சின்னச் சதுர வில்லை. ஒவ்வொண்ணுலயும் நம்பரு. அதுதான் பட்டாளமாம். பாக்கிறதுக்கு நம்ம ரேசன் கார்டைக் கத்தரிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். "இந்தப் பட்டாளம் ஏன் சண்டை போடுது?"ன்னு கேட்டேன். "தெரியாது மச்சான்"ங்கிறான். "யாரு ஆரம்பிச்சா?" "அது ராஜாக்களோட வேலை மச்சான். நான் தளபதி. இந்தப் பாலத்தை நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடக் கூடாது. அவ்வளவுதான்."

மழை பேஞ்சா அவனுக்குச் சேறு. சேறுன்னா வண்டி வராது. வண்டி வரலைன்னா ரொட்டி வராது. ரொட்டி வரலைன்னா வில்லை நகராது. ஒரு மழைநாள் காலையை விளையாட அவனுக்கு ஒரு முழு சாயங்காலம் ஆகும். நான் அதுக்குள்ள ரெண்டு யுகம் முடிச்சு வீட்டுக்குப் போயிருவேன். இதுல கூத்து என்னன்னா, எப்பவும் தோக்கிற பக்கம்தான் உக்காருவான். "ஏன்டா மாப்ள, ஜெயிக்கிற பக்கம் இடமா இல்ல?"ன்னா, "ஜெயிக்கிறவனுக்கு ஆள் இருக்கு மச்சான். தோக்கிறவன்தான் யோசிக்கணும். ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சு மத்தவங்களைத் தப்பிக்க விட்டுட்டா அதுதான் ஜெயிப்பு"ங்கிறான். இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? நீங்களே சொல்லுங்க.

போன புரட்டாசியில அவனுக்கு எங்க ஊருப்பக்கம் அளவை வேலை. மூணு வாரம் எங்க வீட்லதான் தங்கல். நான் நல்ல மனசோடதான் இருந்தேன். "மாப்ள, நீ என் ஆட்டத்தை ஆடிப் பாரு, நான் உன் ஆட்டத்தை ஆடிப் பாக்குறேன்"ன்னு சொன்னதே நான்தான்.

ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்து என் ராஜ்ஜியத்துல உக்காந்தான். வடக்கு எல்லையில நான் ஒரு வேல்காரனை நிப்பாட்டி வச்சிருந்தேன். அவனை அமுக்கிப் பாத்துட்டுக் கேக்குறான், "மச்சான், இந்தாளு எப்ப இருந்து இங்க நிக்கிறாரு?" நான் கணக்குப் பாத்து, "ரெண்டாயிரத்து நூறு வருசம்"ன்னேன். "இவரை எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" அட கிறுக்கா, அது ஆளாடா? காவல்டா! அவன் கேக்கல. அந்த வேல்காரனை மெதுவா நடத்தி நடத்தி ஊருக்குக் கூட்டிட்டு வந்து விட்டுட்டான். அன்னைக்கு முழுக்க அவன் செஞ்சது அது ஒண்ணுதான். சாயங்காலம் வடக்கு ராஜா உள்ள பூந்துட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு ஊரு போச்சு, போனாப் போகுதுன்னு விட்டேன். இதையும் கணக்குல வச்சுக்கங்க, யாரு பொறுமைசாலின்னு.

மறுநாள் என் முறை. அவன் அளக்கப் போயிட்டான். லேப்டாப்பை வீட்டுல வச்சுட்டுப் போயிருந்தான். திறந்தா அவனோட ஆட்டம் பாதியில நிக்குது. ஒரு பட்டாளம் பின்வாங்கிப் போயிக்கிட்டே இருக்கிற ஆட்டம். நாலஞ்சு வருசமா ஆடிக்கிட்டு இருக்கானாம். அவனும் அவங்க அண்ணனும் மாத்தி மாத்தி ஆட ஆரம்பிச்சது. அந்தப் பூபதி அண்ணன் இப்ப இல்ல. சங்கரன்கோயில் ரோட்டுல பைக்ல போறப்ப லாரி அடிச்சிருச்சு. அது வேற கதை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் ஆட்டத்தைச் சொல்றேன்.

கடைசியா ஒரு பாலம். அதுல ஏழாம் கம்பெனின்னு ஒரே ஒரு வில்லை. எதிரே முப்பது வில்லை. இந்தப் பக்கம் அடிபட்டவங்க, ஆம்புலன்ஸ் வண்டியெல்லாம் மெதுவா ஊருக்குள்ள போயிக்கிட்டு இருக்கு. எனக்குப் பாவமா இருந்துச்சு. இத்தனை வருசமா ஒளிஞ்சு ஒளிஞ்சு விளையாடுறானே, நம்ம ஒரு உதவி பண்ணுவோம்னு நினைச்சேன். சத்தியமா உதவிதான். எல்லாத்தையும் தேர்ந்தெடுத்துப் பாலத்தைத் தாண்டி அடிக்கச் சொன்னேன். ஏழாம் கம்பெனி முன்னாடி போச்சு. ஆம்புலன்ஸும் பின்னாடியே போச்சு. அதை எப்படித் தனியா நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல.

மத்தியானத்துக்குள்ள ஒருத்தர் இல்ல. சரி, புதுசா ஆள் எடுப்போம்னு பட்டனைத் தேடினேன். அரை மணி நேரம் தேடினேன் அண்ணாச்சி. மேல தேடினேன், கீழ தேடினேன், வலது பக்கம் அமுக்கினேன். ஆள் எடுக்கிற பட்டனே அந்த ஆட்டத்துல இல்ல. இப்படி ஒரு ஆட்டத்தை எவன் செஞ்சான்னு தெரியல. பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம்னு பாத்தா, அது தானாவே புதுசைப் பழசு மேல எழுதி வச்சிருச்சு. நான் மூடி வச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்.

சாயங்காலம் வந்தான். கால் கழுவினான், காப்பி குடிச்சான், லேப்டாப்பைத் திறந்தான். மேப்பை மேலயும் கீழயும் நகர்த்தி நகர்த்திப் பாத்தான். அப்புறம்தான் "மச்சான், ஏழாம் கம்பெனி எங்க?"ன்னு கேட்டான். "அது செத்துப்போச்சு மாப்ள, வேற எடுத்துக்கலாம்ல?"ன்னேன். "வேற இல்ல மச்சான்"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். கண்ணுல தண்ணி. முப்பத்தஞ்சு வயசு ஆம்பள, ஒரு வில்லைக்கு அழுகுறான்!

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சது தப்புதான், ஒத்துக்கிறேன். சமாதானமாத்தான் ஒண்ணு சொன்னேன். "இதுக்குப் போயி ஏன்டா இப்படி? ஆளு போனா இன்னொரு ஆளு. உலகமே அப்படித்தான ஓடுது?"ன்னேன். அவன் துணிமணியை எடுத்துப் பையில வைக்க ஆரம்பிச்சான். "என்னடா, கோவிச்சுக்கிட்டுப் போறியா? பாப்பா காதுகுத்துக்கும் வர மாட்டியோ?"ன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். பதிலே சொல்லல. மனுசன் கேட்டா பதில் சொல்லணுமா இல்லையா? எனக்கு ரோசம் வந்திருச்சு. "வராட்டிப் போடா, தாய்மாமனுக்கா பஞ்சம்? சாத்தூர்ல உங்க பெரியப்பா மகன்கள் ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க மடியில உக்கார வச்சுக் குத்திக்கிறேன்"ன்னேன்.

இதுதான் நடந்தது. கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. அவன் சுகந்தியைப் பாத்து, "வர்றேன்க்கா"ன்னான், பாப்பா கன்னத்தைத் தொட்டான், போயிட்டான். பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி விடுறேன்னு வண்டிச் சாவியை எடுத்தேன். திரும்பியே பாக்கல.

அன்னைக்கு ராத்திரி சுகந்தி ஒரு கேள்வி கேட்டா. "எங்க பூபதி அண்ணன் போனாரே, இன்னொரு ஆளு வந்துச்சா?"ன்னா. நான் கேமைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், இவ எங்கேயோ போறா பாருங்க. பொம்பளைங்ககிட்ட வழக்குப் பேசவே முடியாது.

நான் ஒண்ணும் சும்மா இருந்திரல. ஆறாயிரம் வருசம் ஆண்டவனுக்கு ராஜதந்திரம் தெரியாதா? தீவாளிக்கு ரெண்டு கிலோ பால்கோவா வாங்கிப் பார்சல் ஆபீஸ்ல போட்டு விட்டேன். ராஜபாளையத்துக்காரனுக்குப் பக்கத்து ஊரு பால்கோவாவை அனுப்புறீங்களேன்னு சுகந்தி தலையில அடிச்சுக்கிட்டா. வாங்கிக்கிட்டான். பதில் இல்ல. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். ரெண்டு டிக்கு விழுந்துச்சு, நீலமாச்சு, பதில் இல்ல. என் ஆட்டத்துல இவ்வளவு அனுப்பியிருந்தா பொண்ணே குடுத்திருப்பான்.

அப்புறம்தான் பத்திரிகை அடிச்சேன். தாய்மாமன்கள்னு போட்டு சாத்தூர்க்காரங்க ரெண்டு பேரையும் போட்டேன். முந்நூறு கார்டு. பேரைப் பாத்தா சந்தோசப்படுவாங்கன்னு முந்தாநாள் நேர்லயே கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டு வாசிச்சாரு. மறுபடி வாசிச்சாரு. "செந்தட்டி பேரு எங்க மாப்ள?"ன்னாரு. விவரத்தைச் சொன்னேன். கார்டை மடிச்சு என் சட்டைப்பையிலயே வச்சுட்டாரு. "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கான். நாங்க மடி குடுத்தா நாளைக்கு அந்தப் பிள்ளைய யாரு மதிப்பா? காப்பி குடிச்சுட்டுக் கிளம்புங்க"ன்னாரு. சின்னவரு அதுக்கும் மேல. காப்பிகூடச் சொல்லல.

ஆக, எம் மகளை மடியில வச்சுக்க ஊருல ஆளே இல்ல. மூணு பேரு இருந்த இடத்துல சைபரு. பந்தலுக்குச் சொல்லியாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. மடிக்குத்தான் ஆள் இல்ல. நானே வச்சுக்கிறேன்னேன். "அப்பன் மடியில வச்சுக் குத்தினா, மாமன் வீடு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு எம் பிள்ளைக்குக் காது குத்தவே வேணாம்"ன்னு சுகந்தி சொல்லிட்டா. கத்திச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. சோத்தைப் போட்டுக்கிட்டே மெதுவாச் சொன்னா.

அதான் கிளம்பிட்டேன். இங்க பாருங்க, இந்த ஒரு கார்டுல மட்டும் அவன் பேரைப் பேனாவால எழுதியிருக்கேன். ஆமா, சாத்தூர்க்காரங்க பேருக்குக் கீழதான். அங்கதான் இடம் இருந்துச்சு. என்ன பேசணும்னுகூட முடிவு பண்ணி வச்சிருக்கேன். மொதல்ல அவன் ஆட்டத்துல இருக்கிற குறையைச் சொல்லணும். பட்டன் இல்லாதது கேம் செஞ்சவன் தப்பு, என் தப்பு இல்லைன்னு ஒத்துக்க வைக்கணும். அப்புறம் பெரிய மனசு பண்ணி நானும் ஒரு அடி இறங்கி வரணும். எப்படி?

ஏன், ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

இருங்க, போன் அடிக்குது. சுகந்திதான். ... சொல்லு. சிவகாசி தாண்டியாச்சு, இன்னும் பத்து நிமிசத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திரும். ... எங்க? ... நம்ம வீட்டுக்கு எதுக்கவா? ... எப்ப வந்தான்? ... உள்ள கூப்பிட வேண்டியதுதான? ... ம். ... ம். ... பாப்பா எங்க? ... ம். சரி. வையி.

வந்துட்டானாம் அண்ணாச்சி. காலையில நான் பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்துல அவன் அங்க இறங்கியிருக்கான். எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை இருக்கு, அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கானாம். பக்கத்துல ஒரு டிரங்குப் பெட்டி. பட்டுப்பாவாடை, கம்மல், வளையல், சீர் சாமான் எல்லாம் கொண்டாந்திருக்கான். கம்மலு கார்த்திகை மாசமே செய்யக் குடுத்ததாம். கார்த்திகைக்கு நான் பத்திரிகையே அடிக்கல.

சுகந்தி ஓடிப்போயி உள்ள வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கா. வர மாட்டேன்னுட்டான். "வேணாம்னு சொன்னது மச்சான், அவரு கூப்பிடாம படி ஏற மாட்டேன்க்கா. அதுக்காக எம் மருமகளை விட்டுட்டுப் போயிரவும் மாட்டேன். இங்கயே உக்காந்திருக்கேன். ரெண்டு நாள்தான?"ன்னானாம். டீக்கடைக்காரர் தலைகாணி குடுக்கிறேன்னு சொல்லிட்டாராம். தெருவே வேடிக்கை பாக்குதாம்.

பாப்பாவா? அது எப்பவோ ஓடிப்போயி அவன் மடியில ஏறி உக்காந்துக்கிச்சாம். இறங்க மாட்டேங்குதாம்.

நான் தட்டைத் தூக்கிக்கிட்டு இங்க வர்றேன், அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போயிருக்கான். எதுக்கால வந்த பஸ்ல ஏதோ ஒண்ணுல இருந்திருக்கான், பாருங்க. கையாவது காட்டியிருக்கலாம்.

கண்டக்டர் அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிக்கிறேன். ராஜபாளையம் டிக்கெட்தான், பரவாயில்ல. திரும்பிப் போகணும். அண்ணாச்சி, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. தேங்காயப் பிடிச்சுக்கங்க.

உங்ககிட்ட பேனா இருக்கா? குடுங்க. இந்தச் சாத்தூர்க்காரங்க பேரை அடிச்சிரலாமா? அசிங்கமாத் தெரியுமா? தெரிஞ்சாத் தெரியட்டும். இந்தாங்க பேனா.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நியாயம்லாம் வேணாம், அதை விட்டுருங்க. நான் போயி இறங்கினதும் அந்தப் பெஞ்சுக்கு முன்னாடி நிக்கணும். தெருவே பாக்கும். பாப்பாவும் அவன் மடியில இருந்து பாக்கும். பட்டன் கதையை அப்பப் பேச முடியாது. தட்டை நீட்டி, "வேற ஆள் இல்ல மாப்ள"ன்னு மட்டும் சொன்னாப் போதுமா?